அண்ணைக்கு எழுதிய மாப்பிள்ளை

அந்தக் கடிதத்தை முதலில் பார்த்தபோது யாரோ ஒரு குழந்தை அதன்மேல் கிறுக்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். மேலிருந்து கீழாக ஒழுங்காக எழுதி முடித்த ஒரு பக்கம். தாளை அப்படியே பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக இன்னொரு பக்கம். வரிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பாய்ப் பின்னல் மாதிரிக் கிடந்தன. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தால் ஒரு திசை வரிகள் பின்னுக்குப் போய், மற்றத் திசை வரிகள் முன்னுக்கு வரும். அது பிடிபட்டதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மொன்றியல் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் பழைய ஆவணப் பகுதியில் எனக்கு அரைநாள் வேலை கிடைத்திருந்தது. முன்னொரு காலத்தில் இங்கே வந்து குடியேறிய ஓர் ஆங்கில வணிகக் குடும்பத்தின் கடிதங்கள் பெட்டி பெட்டியாக வந்து சேர்ந்திருந்தன. எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டவை. ஒவ்வொன்றையும் விரித்து, யார் யாருக்கு எழுதியது, எப்போது, எதைப் பற்றி என்று பென்சிலால் ஓர் அட்டையில் குறித்துக் கோப்பில் வைக்க வேண்டும். பேனா அந்த மேசைக்குக் கிட்டவும் வரக்கூடாது. என்னோடு வேலை செய்தவள் கியூபெக்கின் வடக்கே ஒரு சிற்றூரிலிருந்து படிக்க வந்த பிரெஞ்சுக்காரி, என் வயதுதான். அவளுக்கு ஆங்கிலச் சீமாட்டிகள் என்றாலே இளக்காரம். எனக்கோ மற்றவர்களுடைய கடிதம் என்றால் வெட்கம்கெட்ட ஆவல். ஒட்டுமில்லாத உறவுமில்லாத அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குள் இருவரும் தினமும் காலையில் நுழைந்து மத்தியானம் வெளியே வந்தோம்.

ஏன் இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக எழுதித் தொலைத்தார்கள்? தாளுக்கா பஞ்சம்? பகுதிப் பொறுப்பாளரிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் தபால் கூலியைக் கடிதம் எழுதியவர் கட்டுவதில்லை, பெறுகிறவர்தான் கட்டுவார், அதுவும் தாள் கணக்கில் என்றார். உறை போட்டால் உறையும் ஒரு தாள். அதனால் உறையே கிடையாது. கடிதத்தையே நாலாக மடித்து, முனையைச் செருகி, அரக்கு வைத்து, முதுகில் விலாசம் எழுதி அனுப்பினார்கள். ஆக, அன்பானவருக்கு நாலு தாளில் விரிவாக எழுதினால் அன்பானவரின் பணப்பையில் கைவைத்தது போலாகும். உண்மையிலேயே அன்பிருந்தால் ஒரே தாளில் குறுக்காக எழுத வேண்டும், வாசிக்கிறவரின் கண் போனாலும் பரவாயில்லை.

"கலெக்ட் கால் மாதிரி," என்றாள் பிரெஞ்சுக்காரி. எனக்கு நினைவு வந்தது எங்கள் ஊர் நீல ஏரோகிராம். எங்கள் பெரியம்மா அதில் எழுதும்போது இடம் முடிந்த பிறகுதான் அவருக்குச் செய்திகள் ஞாபகம் வரும். ஓரம் முழுவதும் சுற்றிச் சுற்றி எழுதி, கடைசியில் பசை தடவும் மடிப்பிலும் ஒரு சாவுச் செய்தியை எழுதிவிடுவார். கத்தியால் திறக்கும்போது செத்தவரின் பெயர் பாதி கிழிந்துபோகும். யார் செத்தது என்று அறிய அடுத்த கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இன்னொரு வழக்கம் எனக்கு அதைவிடப் பிடித்திருந்தது. வந்த கடிதத்தைக் காலைச் சாப்பாடு முடிந்ததும் வீட்டில் ஒருவர் உரக்க வாசிப்பார், எல்லோரும் கேட்பார்கள். எழுதுகிறவருக்கும் அது தெரியும். அதனால் கடிதத்தின் நடுவிலேயே, 'இதைக் கேட்டதும் அத்தை முகத்தைச் சுளிப்பார், பரவாயில்லை' என்று எழுதுவார்கள். அத்தை அந்த இடத்தில் என்ன முகம் காட்டினாரோ! நாங்கள் இருவரும் மேசைக்கு இரு பக்கமும் இருந்து அத்தையாக நடித்துப் பார்த்தோம். பொறுப்பாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்த பிறகுதான் அடங்கினோம்.

எங்கள் வீட்டிலும் அதே கூத்துதான் நடந்தது. நான் கோட்-டெ-நேஜ் பகுதியில் அண்ணையோடும் அவர் மனைவியான என் மச்சாளோடும் இருந்தேன். அண்ணைக்கு டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் வேலை. வாரம் முழுவதும் வருகிற கடிதங்களைச் சேர்த்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை குளித்துத் தோய்ந்துவிட்டு வந்து சோபாவில் அமர்ந்து, மச்சாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்ததும், வானொலியில் செய்தி வாசிக்கிற குரலில் தொடங்குவார். கொழும்பிலிருந்து வருகிற கடிதம் எப்போதும் கடைசியாக வரும்.

அது எனக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் கடிதம். நிச்சயித்தது என்று சொல்வதும் சரியில்லை, சட்டப்படி அவர் என் கணவர். முந்தின ஆண்டு மச்சாளும் நானும் கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையில் உறவினர் வீட்டு முன்னறையில் பதிவுத் திருமணம் முடித்துவிட்டு வந்திருந்தோம். நாங்கள் அதை 'எழுத்து' என்போம். எழுத்து முடிந்தால்தான் நான் அவரை இங்கே கூப்பிட விண்ணப்பிக்கலாம். தாலி கட்டுவது அவர் வந்த பிறகு மொன்றியலில் என்று பெரியவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். ஆகவே கனடா அரசாங்கத்துக்கு நான் மனைவி, எங்கள் வீட்டுக்கு இன்னும் கல்யாணமாகாத பிள்ளை. அந்த முன்னறையில் பத்துப் பேர் சுற்றியிருக்க அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அங்க குளிர் கஷ்டமோ?" நான், "பழகிடும்," என்றேன். எங்கள் காதல் வசனம் அவ்வளவுதான்.

கல்யாணமாகாத பிள்ளைக்கு அவர் கடிதம் எழுதுவாரா? எழுதமாட்டார். எல்லாக் கடிதமும் அண்ணைக்குத்தான். 'மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, நான் நலம், அதுபோல் தங்கள் சுகத்துக்கும் இறைவனை வேண்டுகிறேன்' என்று தொடங்கி, தேங்காய் விலை, மழை, தான் தங்கியிருக்கும் லொட்ஜில் தமிழருக்கு வைக்கிற பொலிஸ் பதிவு என்று போய், 'வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்' என்று முடியும். அந்த எல்லோரில் நானும் ஒருத்தி. இடையிடையே விசித்திரமான அக்கறைகள் வரும். பனிக்காலத்தில் தலைமுழுகிவிட்டு ஈரத்தோடு வெளியே போனால் முடி உறைந்துவிடுமாம், கவனமாக இருக்கவும் என்று ஒருமுறை எழுதியிருந்தார். அண்ணை தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "எனக்கு உறையிறதுக்கு என்ன கிடக்கு?" என்றார். வீடே சிரித்தது. பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் கூரை உண்டா என்று இன்னொரு கடிதத்தில் கேட்டிருந்தார். அண்ணை பஸ்ஸில் ஏறிப் பல வருடம், அவருக்குக் கார் இருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், சிரித்தபடியே உள்ளே எரிந்தேன்.

அந்த எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. வந்திறங்கி நாலு மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டொரொண்டோ பஸ்ஸில் ஏறிய மாப்பிள்ளைகளின் கதை அப்போது நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் இருந்தது. இந்த மனிதர் கனடாவுக்கு வருவதற்காக என்னைக் கட்டுகிறாரா, என்னைக் கட்டுவதற்காகக் கனடாவுக்கு வருகிறாரா? அது தெரியாமல் ஒரு வாழ்க்கையைத் தொடங்க எனக்குப் பயமாக இருந்தது. யாரிடம் கேட்பது? அண்ணையிடம் கேட்டால், நல்ல குடும்பம் என்பார். மச்சாளிடம் கேட்டால், நல்ல நிறம் என்பார்.

என் கேள்வியை அந்தப் பனிக்காலத்தில் இன்னொருவரும் கேட்டார். நேர்காணலுக்கு வரும்போது கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களைக் கொண்டுவர வேண்டும் என்று கொழும்பில் கனடா விசா அதிகாரி மாப்பிள்ளைக்கு அறிவித்திருந்தார். அந்தச் செய்தியும் அண்ணைக்கு எழுதிய கடிதத்தில்தான் வந்தது.

"கடிதம்தானே? ஒரு அலுமாரி கிடக்கு," என்று அண்ணை எழுந்து போய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து மேசையில் போட்டார். பார்த்தால் ஒன்றிலும் என் பெயர் இல்லை. நாங்கள் அனுப்பியவையோ எல்லாம் அண்ணையின் கையெழுத்து. அந்தப் பக்கமும் நான் இல்லை.

அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "எழுத்து முடிஞ்சால் போதுமே? தாலி ஏறாமல் ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு நேர கடிதம் போடுறது மரியாதையே? எழுதியிருந்தால் நான்தான் முதல் ஆளா வேண்டாமெண்டிருப்பன். உந்த விசாக்காரருக்கு உது விளங்குமே?"

மச்சாள் காரியக்காரி. "இண்டைக்கே இருந்து பத்துக் கடிதம் எழுதுங்கோ, மச்சாள். பழைய திகதியைப் போடுங்கோ. அவரையும் அங்க இருந்து எழுதச் சொல்லுவம். தேத்தண்ணிச் சாயம் கொஞ்சம் பூசினால் பழசாப் போகும்."

தினமும் உண்மையான பழைய தாளைத் தொடுகிற எனக்குச் சிரிப்பு வந்தது. மாட்டேன் என்றேன். நேர்மை ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், எனக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. ஆசை இருக்கிறதா என்று தெரியாத ஒருவருக்கு, ஆசையாக எழுதியதுபோலப் பத்துக் கடிதம் எழுத எனக்கு வராது.

அந்த வாரம் நூலகத்தில் நாங்கள் ஒரு புதிய கட்டைப் பிரித்திருந்தோம். முன்பு இந்த ஊரில் சில மாதம் இருந்துவிட்டு லிவர்பூலில் ஒரு வணிக அலுவலகத்துக்குத் திரும்பிய இளைஞன், மொன்றியலில் இருந்த அந்தக் குடும்பத்துத் தாய்க்கு எழுதியவை. ஆற்றில் பனி உறைந்தால் கப்பல் வராது, அதனால் பனிக்காலக் கடிதங்கள் நியூயோர்க் வழியாகச் சுற்றி, பிந்தி முந்தி வந்திருந்தன. ஒரு மாலை விருந்தில் பாடப்பட்ட பாட்டைப் பற்றி எழுதுகிறான். தேவாலயத்துக்குப் போகிற குறுக்கு வழியில் படிகள் பனியில் வழுக்கும், யாரும் அந்த வழியால் போகாமல் இருந்தால் நல்லது என்கிறான். நீலத் தொப்பி அந்த ஊர்க் காற்றைத் தாங்குமா என்று கேட்கிறான்.

"இவனுக்கு அந்தத் தாய்மேல் காதல்," என்று பிரெஞ்சுக்காரி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "கப்பல் கப்பலாக எழுதுகிறான், பார்!"

"இல்லை," என்றேன். "அவன் மகளுக்கு எழுதுகிறான்."

"விலாசத்தில் தாயின் பெயர் இருக்கிறதே?"

அதே பெட்டியில் நான் முதல் நாள் படித்த ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினேன். ஒரு பெரியம்மா தன் தங்கை மகளைப் பிடித்து ஏசுகிறார்: ஓர் இராணுவ அதிகாரி உனக்கு நேரே கடிதம் எழுதினானாமே, அவனோடு உனக்கு நிச்சயமாகிவிட்டதா, இல்லையென்றால் அந்தக் கடிதத்தை ஏன் வாங்கினாய் என்று. கல்யாணம் நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் அந்தச் சமூகத்தில் கடிதம் எழுதிக்கொள்ளக் கூடாது. எழுதிக்கொண்டால் நிச்சயமாகிவிட்டது என்று ஊரே முடிவுகட்டிவிடும். அப்படியென்றால் ஒருவன் என்ன செய்வான்? தாய்க்கு எழுதுவான். தாய் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு உரக்க வாசிப்பாள். மகள் பக்கத்தில் இருந்து தையல் வேலை செய்துகொண்டு ஒவ்வொரு சொல்லையும் கேட்பாள்.

"அது சரி, மகளுக்கென்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாய்?"

"தாய்க்கு முழங்கால் வருத்தம், வீட்டைவிட்டு வெளியே போவதில்லை என்று போன பெட்டியில் படித்தோமே? வெளியே போகாத மனுஷிக்குப் படி வழுக்கும் என்று யாராவது எழுதுவார்களா? வெளியே போகிறவளுக்குத்தானே அதை..."

மொட்டைத் தலைக்காரருக்கு முடி உறையும் என்று எழுதிய மனிதர் என் கண்முன்னால் வந்து நின்றார்.

"ஸா வா?" என்று கேட்டாள் அவள். சுகம்தானா என்று அர்த்தம். ஓம் என்று தமிழில் தலையாட்டினேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது இருவரும் வேலையில் இருந்தார்கள். அலுமாரியைத் திறந்து கடிதங்களை எல்லாம் கட்டிலில் பரப்பினேன். வாரா வாரம் செய்தி வாசிக்கிற குரலில் கேட்டவற்றை முதல் தடவையாக என் கண்ணால் வாசித்தேன். மாலையில் நேரத்தோடு இருட்டிவிடுமாமே, வேலைவிட்டு வருகிறவர்களுக்குத் துணை உண்டா? புத்தகத் தூசு சிலருக்கு இருமலைத் தரும், வெந்நீர் குடித்தால் நல்லது. வெள்ளவத்தைக்கு அன்று கட்டிவந்த மாம்பழ நிறம் கண்ணுக்கு நிறைவாக இருந்தது, அந்தத் துணி இங்கே கிடைப்பதில்லை. அன்று அண்ணை மொன்றியலில் இருந்தார். மாம்பழ நிறச் சேலை கட்டியது நான்.

வெட்கமாக இருந்தது, சந்தோஷமாக இருந்தது, கூடவே கோபமும் வந்தது. நேரே எழுதினால் என்ன, மனுஷா? அடுத்த கணம் பழைய சந்தேகமும் எழுந்து உட்கார்ந்தது. கனடா வேண்டும் என்கிறவரும் சேலையைப் பற்றி எழுதலாம்தானே? அக்கறையை யாரும் நடிக்கலாம். அதிகாரியும் இதையேதான் கேட்பார்.

ஆனாலும் கையில் இருப்பது இதுதான். அன்று பின்னேரம் அண்ணையிடம் சொன்னேன்: "புதுசா ஒண்டும் எழுத வேண்டாம். இந்தக் கடிதங்களை அப்பிடியே இங்கிலீசில மொழிபெயர்த்து அனுப்பிறன். எந்த வரி ஆருக்கு எண்டு பக்கத்தில குறிப்புப் போடுறன்."

"ஆருக்கெண்டு?" என்றார் அண்ணை.

நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக் காட்டினேன். தமையனுக்கு முன்னால் இதைச் செய்வதைவிட நூலகத்தின் பெட்டிக்குள் போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது. அண்ணை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மச்சாளைப் பார்த்தார். மச்சாள் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் போய்விட்டார்.

"உது எனக்குத் தெரியாதே, பிள்ளை?" என்றார் அண்ணை. "பேந்து ஏன் அந்த இடங்களை மட்டும் நான் ரெண்டு தரம் வாசிச்சனான்? அந்தாள் நேர எழுதேலாது, நான் நேர சொல்லேலாது. நீதான் ஒண்டும் விளங்காமல் சிரிச்சுக்கொண்டிருந்தாய்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான், ரெண்டு தரம்தான் வாசித்தார். ஊர்க் கடிதங்களைக் கடகடவென்று வாசிக்கிறவர் அந்த இடங்களில் மட்டும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாசித்தார். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. ஆங்கிலக் குடும்பத்துக் கடிதத்தில் ஒளிந்துகிடந்ததைக் கண்டுபிடித்த கெட்டிக்காரி நான்!

குறிப்புகளோடு அதிகாரிக்கு ஒரு முகவுரையும் எழுதினேன். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஆங்கிலேயரின் நல்ல குடும்பங்களிலும் மாப்பிள்ளைமார் இப்படித்தான் எழுதினார்கள், எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இன்னும் முடியவில்லை என்று. பிரெஞ்சுக்காரி வாசித்துப் பார்த்துவிட்டு, அதிகாரி சிரிப்பார் என்றாள். சிரித்தால் நல்லது என்றேன். சில நாள் கழித்து அவள் ஒரு கடிதத்தை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அதே லிவர்பூல் கையெழுத்து, ஆனால் முதுகில் விலாசத்தில் மகளின் பெயர். அவர்களுக்கு நிச்சயமாகிவிட்டது. நடுவில் என்ன நடந்தது, அந்தப் பெண் என்ன பதில் சொன்னாள், யார் மூலம் சொன்னாள் என்பதற்கு ஒரு துண்டுத் தாளும் இல்லை. பெட்டி பெட்டியாகத் தேடிப் பார்த்தோம். அவள் பக்கத்துக் கதை கிடைக்கவே இல்லை.

நேர்காணல் வசந்தத்தில் நடந்தது. அன்று காலை அண்ணை வேலைக்குப் பிந்திப் போவதாகச் சொல்லிவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார். மணி அடித்ததும் எடுத்தார். "ஓம்... ஓம்... சரி..." என்றவர் எங்களைப் பார்த்து, "விசா சரியாம்!" என்று கத்தினார். மச்சாள் சாமிப் படத்தடிக்கு ஓடினார். திரும்பிப் பார்த்தால் அண்ணையின் முகம் மாறியிருந்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"உன்னோட கதைக்கோணுமாம்," என்று என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். அண்ணை விலகிப் போகவில்லை. மச்சாளும் திரும்பி வந்து நின்றார்.

"நான்தான்," என்றார் அவர். கொழும்பில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து பேசுகிறார், பின்னால் வாகன இரைச்சல் கேட்டது. "உங்கட குறிப்பு எல்லாத்தையும் அந்த விசா அதிகாரி அம்மா வாசிச்சவா. வாசிச்சுச் சிரிச்சவா. பிறகு ஒண்டு கேட்டவா. நீ எழுதினது விளங்குது, அவள் உனக்கு என்ன எழுதினவள் எண்டு. ஒண்டும் எழுதேல்லை எண்டன். அப்ப அவளுக்கு உன்னில விருப்பம் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டவா."

"என்ன சொன்னனீங்கள்?"

"தெரியாது எண்டு சொன்னன்."

"ஐயோ, ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? விசா தராமல் விட்டிருந்தால்?"

"தெரியாததை எப்பிடித் தெரியும் எண்டு சொல்லுறது?" என்றார். "விசா தருவினம். ஆனா நான் இன்னும் பிளேன் ரிக்கெற் போடேல்லை. எழுத்து முடிஞ்சுது எண்டதுக்காகக் கூப்பிட வேண்டாம். மச்சானுக்காகவும் வேண்டாம். உங்களுக்கு விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லுங்கோ, நான் இங்கயே நிண்டிடுவன். விருப்பமெண்டால் வாறன்."

இத்தனை மாதமும் அவருக்கு வேண்டியது கனடாவா நானா என்று நான் குடைந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு லொட்ஜ் அறையில் இருந்து ஒருவர் என்னைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. விசாவைத் தர வேண்டியவரிடமே தெரியாது என்று சொன்ன மனிதர். அழுகை வந்துவிட்டது. அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சாள் என்னையே பார்த்தார்.

"வாங்கோ," என்றேன்.

"கேக்கேல்லை," என்றார் அவர். "லைன் சரியில்லை. என்ன சொன்னனீங்கள்?"

அண்ணை கேட்டால் கேட்கட்டும், அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கட்டும் என்று கத்தினேன்: "வாங்கோ! எனக்கு விருப்பம், வாங்கோ!"